சேவலின் கை

காலை பத்து இருபதுக்கு அர்லீன் சேவலின் தலையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முதலில் நெற்றி படும் பஞ்சு, பிறகு தாடை படும் வார், கடைசியாக அலகுக்குள் தைத்திருந்த கறுப்பு வலை. அந்த வலை வழியாகத்தான் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க வேண்டும். மூச்சு விடவும் அதுதான் வழி. எத்தனை துடைத்தாலும் பஞ்சுக்குள் இறங்கிய வியர்வை நாற்றம் போகாது. துடைத்த நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சாமான் அறைக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருந்த அந்த நடையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் போக முடியும். ஒரு பக்கம் எண்ணெய் டின்களும் காகிதக் குவளைப் பெட்டிகளும். மறு பக்கம் சுவர்க் கொக்கியில் சேவலின் உடம்பு தொங்கியது. மஞ்சள் ரோமம், சிவப்பு அங்கி, பானை வயிறு, நாலு விரல் கையுறை. அதற்கு நேரே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடை மேல் ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் ‘உடுப்புக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. போன மழைக்காலத்தில் உடுப்பில் பூசணம் பிடித்தபோது கோழிக்கடையின் தலைமை அலுவலகம் அனுப்பிய விசிறி அது. இப்போது மே மாதம். பிலிப்பைன்ஸின் கபனாத்துவானில் மே மாதம் என்றால் காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டும்.

அடுப்படியிலிருந்து ரூவெல் வந்தான். இரண்டு வருஷம் முன்புவரை வாடகைக்கு ட்ரைசைக்கிள் வண்டி ஓட்டியவன், முப்பது வயது, குள்ளம். உடுப்பு ஐந்தடி நாலு அங்குலத்துக்கு மேல் இருப்பவருக்குப் பொருந்தாது என்பதால் வாரக் கடைசியில் சேவல் வேஷம் எப்போதும் அவனுக்குத்தான். விசிறிக்கு முன்னால் வந்து நின்று சட்டையைத் தூக்கி வயிற்றில் காற்று வாங்கினான்.

“மேடம் பாத்தா உடுப்புக் காத்தத் திருடினேன்னு எழுதுவாங்க ரூவெல்ண்ணே.”

“நானும் கொஞ்ச நேரத்துல உடுப்புக்குள்ளதானே போகப் போறேன். முன்பணமா வாங்கிக்கிறேன்.” சிரித்தான். உதடு வெளுத்திருந்தது.

“மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கே.”

“ராத்திரி பூரா வயிறு சரியில்ல. நாலஞ்சு தடவ போயிட்டு வந்தேன். காலைல கஞ்சி குடிச்சேன், அதுவும் நிக்கல.”

“மேடத்துக்கிட்ட சொல்லிடு. இன்னிக்கு வேற யாராச்சும் போடட்டும்.”

“சொல்லலாம். ஸ்டாண்டுல வண்டிய ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போனா என்ன ஆகும் தெரியுமா? திரும்பி வரும்போது நம்ம எடத்துல வேறொருத்தன் நிப்பான்.” அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். “பதினஞ்சு நிமிஷம்தானே. கைய மட்டும் விட்டுடாத.”

கை என்று அவன் சொன்னது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. வேஷம் போட்டவர் பேசக் கூடாது. குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றவே கூடாது. வலை வழியாகத் தன் காலடியும் அதற்கு அப்பால் நாலடித் தரையும்தான் தெரியும் என்பதால், கூட ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். கடையில் பிறந்தநாள் பார்ட்டி நடத்தும் அர்லீன்தான் அந்த ஒருவர். பேச முடியாதவன் கையால் பேசினான். ஒரு அழுத்து என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் போதும், போகலாம். மூன்று என்றால் உடனே. “மூணு அழுத்தினா, போப்பாண்டவரே போட்டோவுக்கு நின்னாலும் இழுத்துக்கிட்டு வந்துடணும்,” என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். இதுவரை மூன்று வந்ததில்லை.

“விட மாட்டேன்,” என்றாள் அர்லீன்.

விட முடியாத காரணம் அவளுக்கும் ஒன்று இருந்தது. இருவருமே ஏஜென்சி ஆட்கள். ஐந்து மாதம் வேலை. ஆறாவது மாதம் தொடர்ந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் ஐந்தோடு அனுப்பிவிடுவார்கள். பிறகு பட்டியலில் பேர் இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். அவளுடைய ஐந்து மாதம் வருகிற சனிக்கிழமை முடிகிறது. போன தடவை முடிந்தபோது அடுத்த அழைப்பு வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் வீட்டு வாசலில் ஐஸ் விற்றாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இந்தத் தடவை மேனேஜர் கிளாரிட்டா மேடம், “இந்த வாரம் ஒழுங்கா முடியட்டும், அடுத்த நாளே உன் பேர எழுதி அனுப்பறேன்,” என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். ஒழுங்காக என்றால் இரண்டாவது புகார்ச் சீட்டு வராமல்.

முதல் சீட்டு மார்ச்சில் வந்தது. ஒரு பெரியவர் ஒரு துண்டுக் கோழி வாங்கி, கிரேவி மட்டும் ஐந்து தடவை கேட்டு வாங்கினார். ஆறாவது தடவை வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாம் பாட்டிலை நீட்டினார். அர்லீன் அதையும் கழுத்துவரை நிரப்பித்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது சிரிக்கவில்லை என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பார்ட்டி பதினோரு மணிக்கு. பன்னிரண்டு ஐந்துக்குத்தான் வந்தார்கள். முப்பது பேருக்குச் சொல்லியிருந்த இடத்தில் நாற்பத்தேழு பேர் மூன்று வேனில் இறங்கினார்கள். வெளியே ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கதவுவரை வரிசையில் நின்றது. கண்ணாடித் தடுப்புப் போட்ட பார்ட்டி அறையில் ஏசி இருந்தது. நாற்பத்தேழு பேருக்கு அது வெறும் சத்தம்.

பிறந்தநாள் குழந்தை சியானாவுக்கு ஏழு வயது முடிகிறது. அவள் அம்மா திருமதி ஜோசெட் விலமோர் வெள்ளைக் கவுனில், நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டே, செல்போனைக் கையிலிருந்து கீழே வைக்காமல் வந்தார். வந்ததும் கோழிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

“என்ன இது, எல்லாம் மார்க்கறியா இருக்கு? பிள்ளைங்க கால்தான் தின்னும். எல்லாருக்கும் கால் குடுங்க.”

“மேடம், ஒரு கோழிக்கு ரெண்டு கால்தான்...” அர்லீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நான் உள்ள கேட்டுப் பாக்கறேன் மேடம்.”

“ரெண்டு கால்னு எனக்குத் தெரியாதா? கிண்டலா?”

“இல்ல மேடம். மன்னிச்சுக்கங்க மேடம்.”

அர்லீன் அடுப்படிக்கு ஓடினாள். வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கு எடுத்து வைத்த தட்டுகளிலிருந்து கால்களைப் பொறுக்கி, அதற்குப் பதிலாக மார்த்துண்டு போட்டு இருபத்தெட்டு தேற்றினார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற ரூவெல் பதினொன்றரை மணிக்கு வர வேண்டிய சாப்பாட்டு இடைவேளைக்கு இன்னும் போகவில்லை. பார்ட்டி ஒரு மணி நேரம் தள்ளிப்போனதில் இடைவேளையும் காணாமல் போயிற்று.

“நேத்து ஒருத்தி தின்னு முடிச்ச எலும்ப டப்பாவுல போட்டு எடுத்து வந்து, ‘கோழி சின்னதா இருந்துச்சு, மாத்திக் குடு’ன்னா,” என்றான் கால்களை எண்ணிக்கொண்டே. “இந்தம்மா பரவால்ல. தின்னுறதுக்கு முன்னாடி கேக்குது.”

“நீ ஏதாச்சும் சாப்பிடு அண்ணே.”

“வயித்துல போட்டா வெளிய வந்துடும். சேவலுக்குள்ள வந்தா எங்க போய்ச் சொல்றது?”

இசை நாற்காலி, பொருள் எடுத்து வருதல், பலூன் உடைத்தல் என்று மூன்று விளையாட்டு முடிந்தது. மைக்கில் கத்தி அர்லீனின் தொண்டை கரகரத்தது. திருமதி விலமோர் ஒவ்வொரு விளையாட்டுக்கு நடுவிலும் செல்போனைப் பார்த்தார். சியானாவின் அப்பா எர்வின் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறவர். பதினான்கு மாதமாக ஊருக்கு வரவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டே முக்காலுக்கு வீடியோ காலில் வருவார். மகள் சேவலோடு ஆடுவதைப் பார்க்க வேண்டும். இதை அந்த அம்மா அர்லீனிடம் நாலு தடவை சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு சேவல் வந்தது. நடையிலிருந்து பார்ட்டி அறைக்குப் போகும் கதவைத் திறந்து, கொண்டை நிலைப்படியில் இடிக்காமல் தலையைச் சாய்த்துப் பிடித்து, அர்லீன் ரூவெலை உள்ளே கூட்டி வந்தாள். பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. சேவல் இடுப்பை ஆட்டியது, சிறகை அடித்தது, குனிந்து வால் காட்டியது. ஆட்டத்துக்கு நடுவில் அர்லீனின் கையில் ஒரு அழுத்து. நன்றாக இருக்கிறேன்.

இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. குழந்தைகள் வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் அலகுக்குள் உருளைக்கிழங்கைத் திணித்தான். செல்போன் அடிக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பத்துநாலுக்குக் கையில் இரண்டு அழுத்து வந்தது. கையுறையின் ரோமம் நனைந்து பிசுபிசுத்தது.

“டிக்டி சேவலுக்குத் தூக்கம் வந்துடுச்சாம். எல்லாரும் டாட்டா சொல்லுங்க,” என்றாள் அர்லீன் மைக்கில்.

“எங்க போகுது?” திருமதி விலமோர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். “இன்னும் வீடியோ கால் வரல.”

“பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு மேடம். அதுக்கு மேல உள்ள இருக்க விட மாட்டாங்க. அரை மணி ரெஸ்ட் குடுத்துட்டுத் திரும்பக் கூட்டி வர்றேன் மேடம்.”

“அரை மணி கழிச்சு எம் புருஷன் என்ன கப்பல நிறுத்திட்டு உக்காந்திருப்பாரா? அவருக்கு மொத்தமே பதினஞ்சு நிமிஷம்தான் விடுவாங்க. அதுல பாதி சிக்னல் தேடவே போயிடும்.” குரல் கொஞ்சம் உடைந்து உடனே இறுகியது. “மேனேஜரக் கூப்பிடு.”

கிளாரிட்டா மேடம் கல்லாவிலிருந்து வந்தார். சிரித்த முகம் மாறாமல் முழுவதையும் கேட்டார். வெளியே வரிசை, உள்ளே நாற்பத்தேழு பேர், அவர்கள் கையில் நாற்பது செல்போன்.

“ஒரு அஞ்சு நிமிஷம் அர்லீன்,” என்றார் சிரித்தபடியே. “குழந்தைக்கு ஏழு வயசு ஒரு தடவதான் வரும்.”

“மேடம், அவருக்கு உடம்பு...”

“யாருக்கு?” மேனேஜரின் கண் சேவலை ஒரு தடவை தொட்டுத் திரும்பியது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சேவலுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமையோட உனக்கு முடியுதில்ல? நல்லபடியா முடிச்சுக் குடு.”

அர்லீன் கொண்டையைச் சரி செய்வதுபோல எம்பி அலகருகே வாயை வைத்தாள். உள்ளிருந்து வந்த மூச்சு கொதிக்கும் பாத்திரத்தைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

“அஞ்சு நிமிஷம் அண்ணே. தாங்குவியா?”

பதில் வர நேரமாயிற்று. பிறகு ஒரு அழுத்து. ஒன்றுதான். அதை அவள் இரண்டு தடவை மனதில் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மணி மூன்று நிமிடத்துக்கு வீடியோ கால் வந்தது. திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறம். பிறகு ஒரு ஆள், கழுத்தில் துண்டு, எண்ணெய்க்கறை படிந்த முழு உடுப்பு, நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்க இறங்கத் துடைத்துக்கொண்டு. பின்னால் இயந்திரச் சத்தம்.

“கேக்குதா? சியானா எங்க? ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு.”

“இருங்க, இருங்க, தள்ளிப் பிடிக்கறேன்.” திருமதி விலமோர் செல்போனை எட்டிப் பிடித்தார். போதவில்லை. மூன்று பேரும் படத்துக்குள் வர வேண்டும். அவர் திரும்பி அதை அர்லீனிடம் நீட்டினார். “நீ பிடி. நாற்காலி மேல ஏறி மேலேர்ந்து பிடி. நானும் இருக்கணும்.”

அர்லீனின் வலக்கையில் மைக். இடக்கையில் சேவலின் கை.

“பக்கத்துல நிக்கற அக்காகிட்ட குடுக்கலாமா மேடம், நான் இவரு கைய...”

“அவளுக்குக் கை நடுங்கும். நீ பிடிம்மா. நேரம் போகுது.”

மைக்கை மேசையில் வைத்தாள். ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடிக்க வேண்டும், மறு கையால் செல்போனை. சேவலின் கையை எடுத்து சியானாவின் கையில் கொடுத்தாள். “கெட்டியாப் பிடிச்சுக்கோ கண்ணு, விடாத,” என்றாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

நாற்காலி மேலிருந்து பார்க்கச் சேவலின் கொண்டையும் பானை வயிறும்தான் தெரிந்தன. அப்பா சிரித்தார். “அட, எவ்ளோ பெருசு. ஆடச் சொல்லு.” பாட்டைப் போட்டார்கள். சேவல் ஆடியது. படம் உறைந்தது. “போச்சு, போச்சு. திரும்ப முதல்லேர்ந்து ஆடுங்க, அவருக்குத் தெரியல,” என்றார் திருமதி விலமோர். பாட்டைத் திருப்பிப் போட்டார்கள். சேவல் தாளம் தப்பி ஆடியது. சும்மா இருந்த ஒரு கையால் வயிற்றில் இரண்டு தடவை தட்டியது. பிறகு மூன்று தடவை. பிள்ளைகளும் வயிற்றில் தட்டினார்கள். இரண்டு, மூன்று. திரையில் அப்பாவும் எண்ணெய்க் கையால் தன் வயிற்றில் தட்டிக் காட்டினார். அறையே சிரித்தது.

அர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டலை எண்ணிக்கொண்டிருந்தாள். அது ஆட்டமா, அவளிடம் சொல்வதா என்று புரியவில்லை; கை இருந்திருந்தால் புரிந்திருக்கும்.

“மேடம், நான் இறங்கிக்கறேன்.”

“ஆடாத. படம் ஆடுது.”

சேவல் மெல்ல மண்டியிட்டது.

“பாருங்க எர்வின், பாருங்க,” என்று கத்தினார் திருமதி விலமோர். “நம்ம பொண்ணுக்கு முன்னாடி மண்டி போடுது.” கைதட்டல் எழுந்தது. சேவல் மண்டியிட்டபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்காலியை இடித்துத் தரையில் கிடந்தது. அதையும் விளையாட்டென்று நினைத்து ஐந்தாறு பையன்கள் பானை வயிற்றின் மேல் ஏறி விழுந்தார்கள்.

அர்லீன் குதித்தாள். செல்போனை அருகில் இருந்த யார் கையிலோ திணித்தாள். பையன்களைக் கையைப் பிடித்தும் சட்டையைப் பிடித்தும் இழுத்து எறிந்தாள். கையுறைக்குள் கை தொளதொளவென்று கிடந்தது; அழுத்திப் பார்த்தாள், பதில் இல்லை. கதவு பன்னிரண்டடி தூரம். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். உடுப்போடு அவன் நகரவில்லை. சுற்றிலும் பிள்ளைகளின் கால்கள்.

கழுத்துக்குப் பின்னால் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு நொடி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளாரிட்டா மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்துகொண்டிருந்தார். அர்லீன் இரண்டாவதையும் கழற்றித் தலையைப் பிடுங்கினாள்.

உள்ளே ரூவெலின் முகம் சுண்ணாம்புபோல் இருந்தது. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. வாயோரம் நுரை. வியர்வை நின்று போய்த் தோல் காய்ந்து சுட்டது.

ஒரு குழந்தை வீரிட்டது. அதைப் பார்த்து மற்றவையும். “சேவல் தலைய வெட்டிட்டா,” என்று அழுதது ஒன்று.

“என்ன பண்ற நீ? பிள்ளைங்க முன்னாடி என்ன பண்ற?” திருமதி விலமோர் சியானாவின் கண்ணைப் பொத்தினார்.

யார் கையிலோ இருந்த செல்போனிலிருந்து அந்த மனிதரின் குரல் வந்தது. “யார் அது? விழுந்துட்டாரா? சூடு அடிச்சிருக்கு, இங்க எங்களுக்கும் ஆகும். அந்த உடுப்பக் கழட்டுங்க. கழுத்துலயும் அக்குள்லயும் ஐஸ் வைங்க. ஜோசெட், கேக்குதா? ஐஸ்...” படம் உறைந்தது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே அணைந்துபோனது.

வாசல் காவலர் டினோவும் அர்லீனும் சேர்ந்து அவனை நடைக்குத் தூக்கிப் போனார்கள். உடுப்பை உரித்தார்கள். கிழித்துப் பரப்பிய அட்டைப்பெட்டி மேல் கிடத்தி, குளிர்பான எந்திரத்திலிருந்து ஐஸ் அள்ளித் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள் அர்லீன். விசிறியைச் சுவரிலிருந்து திருப்பி அவன் பக்கம் வைத்தாள். ஐந்தாறு நிமிடத்தில் அவன் கண் அசைந்தது.

“தலை எங்க?” என்றான்.

“இருக்கு. இங்கதான் இருக்கு.”

“கீழ வைக்காத. கொண்டை வளைஞ்சிடும். உடுப்ப வாங்கினதுக்கு எம் பேர்லதான் கையெழுத்து இருக்கு.”

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாதி வெளியே வந்தது. டினோவிடம், “ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடு,” என்றாள்.

“எம் பழைய ஸ்டாண்டுல சொல்லு,” என்றான் ரூவெல் கண்ணை மூடிக்கொண்டே. “காசு வாங்க மாட்டானுங்க.”

“முன்வாசல் வேண்டாம்,” என்று சொல்லிக்கொண்டே கிளாரிட்டா மேடம் உள்ளே வந்தார். “பின் சந்துக்கு வரச் சொல்லு.” டினோ போனார். மேடம் குனிந்து ரூவெலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, சுவரோரம் கிடந்த உடுப்பை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தார்.

“அந்தம்மா சீட்டு கேக்குது அர்லீன். கேட்டு எழுதவும் ஆரம்பிச்சிடுச்சு. உம் பேரக் கேட்டுச்சு. நீ எதுக்குத் தலையக் கழட்டினன்னு மேலேர்ந்து என்னக் கேப்பாங்க, நான் என்ன சொல்றது?”

“மூச்சு இல்ல மேடம்.”

“தெரியுது. எனக்குத் தெரியுது. அந்தப் புகார்ப் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கேக் வெட்டறப்போ சேவல் நிக்கணுமாம். இல்லாட்டி எம் பொண்ணுக்குப் பிறந்தநாள்னாலே அந்த மூஞ்சிதான் ஞாபகம் வரும்ங்குது. வந்தா எழுத மாட்டேன், வீடியோவும் போட மாட்டேன்னு சொல்லியிருக்கு. ஒரு கேக்தான். பத்து நிமிஷம்.”

“யாரு மேடம் போடுவாங்க? அடுப்படில எல்லாரும் உயரம்.”

மேடம் அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

“உன் உயரம் என்ன?”

ரூவெலின் கழுத்தில் ஐஸ் உருகிக் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அர்லீன் அதைத் துடைத்தாள்.

“கட்டாயப்படுத்தல,” என்றார் மேடம். “ரெண்டாவது சீட்டு வந்தா உம் பேர என்னால அனுப்ப முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. நீயே யோசி.”

“அஞ்சடி ஒண்ணு,” என்றாள் அர்லீன்.

“ஈரமா இருக்கு. அஞ்சு நிமிஷம் காத்து விடு, இல்லாட்டி உனக்கும் மூச்சு முட்டும்.” மேடம் உடுப்பைக் கொக்கியில் மாட்டினார். தலையை அதற்கு மேலே வைத்தார். விசிறியைக் குனிந்து தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசல் கூட்டத்தைப் பார்க்கப் போனார்.

ஐந்து நிமிடத்தில் எதுவும் காயவில்லை. ரூவெலின் தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டு அர்லீன் காலை நுழைத்தாள். அவனுடைய வியர்வை அவள் முழங்காலிலும் இடுப்பிலும் சில்லென்று ஒட்டியது.

“போடாத,” என்றான் ரூவெல்.

“சும்மா படு.”

“யாரு கையப் பிடிப்பாங்க?”

அவள் தலையைத் தூக்கி மாட்டினாள். உலகம் அலகு அளவுக்குச் சுருங்கியது. வலையில் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. கொக்கி இரண்டையும் மேடம் வந்து பூட்டினார். கையைப் பிடித்துக் கதவுவரை கூட்டிப் போனார். கதவு அடித்துச் சத்தம் வராமல் இருக்க ஒரு எண்ணெய் டின்னை அண்டை கொடுத்தார். அறைக்குள் வந்ததும் கையை விட்டுவிட்டு மைக்கை எடுத்தார்.

“பாருங்க, யாரு வந்திருக்கா. டிக்டி முழிச்சுக்கிச்சு. அப்ப நாம பாத்தது சும்மா வேடிக்கை, சரியா?”

மழலைக் கூச்சல் தலைக்குள் தகரத்தில் கல் விழுவதுபோல் கேட்டது. காலடித் தரையில் அர்லீனுக்கு ஸ்பகெட்டியும் உடைந்த பலூனும் சின்னச் சின்ன ஷூக்களும் தெரிந்தன. வெள்ளை ஷூ இரண்டு பக்கத்தில் வந்து நின்றன. ஒரு சின்னக் கை கையுறையைப் பிடித்தது.

“அம்மா, இது வேற சேவல்,” என்றது சியானாவின் குரல்.

“அதே சேவல்தான் கண்ணு. சிரி, படம் எடுக்கறாங்க.”

“இல்ல. இது அழுத்தவே மாட்டேங்குது. அது என் கைய அழுத்துச்சு.”

“சரி, சரி, அங்க பாரு.”

“இப்படி அழுத்துச்சு. மூணு மூணா. நெறைய தடவ. நானும் திருப்பி அழுத்தினேன்.” குழந்தை கையுறையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக் காட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. விட்டு மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. “நீ அழுத்து.”

அர்லீனுக்கு மூச்சு வாங்கியது. தாடை வாரில் வழிந்த நீர் யாருடையது என்று தெரியவில்லை. கையை அசைத்து ஒரு தடவை அழுத்தினாள்.

“ஒண்ணு இல்ல,” என்றது குழந்தை. “மூணு.”

“கேக்குக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம்,” என்றார் திருமதி விலமோர். “வீடியோ எடுத்து அவங்கப்பாவுக்கு அனுப்பணும்.”

பாட்டு தொடங்கியது. சிறகைத் தூக்கத் திரும்பியபோது வலைக்குள் திறந்து கிடந்த கதவு வந்தது. நடையின் தரை. அட்டை மேல் ரூவெலின் இரண்டு பாதம், வெறுமையாக, அசையாமல். அவற்றுக்கு அப்பால், கவிழ்த்த கூடை மேல், தாள் படபடக்க, விசிறி காலிக் கொக்கியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.